வாரம் ஒரு எபிசோடு வேண்டாம், சீசன் போதும்

கேள்வி: வேலூரின் பழைய கதைகளைச் சொல்லும் பாட்காஸ்ட் ஒன்றை வாரந்தோறும் வெளியிட்டு வந்தேன். குழந்தை பிறந்தது, வேலையும் ராணிப்பேட்டைக்கு மாறிவிட்டது. தினமும் பஸ்ஸில் போய் வருவதிலேயே பொழுது போய்விடுகிறது. மூன்று மாதமாக ஒன்றும் போடவில்லை. நிறுத்திவிடலாமா?
- வாசகி, காட்பாடி

பதில்: நிறுத்தாதீர்கள். இந்த ஊர்க் கதைகளைத் தமிழில் பொறுமையாகச் சொல்ல ஆள் வேண்டும். விட வேண்டியது அந்த ‘வாரந்தோறும்’ என்ற கட்டாயத்தைத்தான். அதற்குப் பதில் ஒரே விஷயத்தைச் சொல்லும் சில எபிசோடுகளை ஒரு தொகுப்பாக, ஒரு சீசனாக, வெளியிடுங்கள்.

இடைவெளி விட்டால் கேட்பவர்கள் போய்விடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். சிலர் மறப்பார்கள், உண்மைதான். ஆனால் ஒருவர் ஃபாலோ செய்துவிட்டால் நீங்கள் நாலு மாதம் கழித்துப் போட்டாலும் புது எபிசோடு தானாகவே அவருடைய ஆப்பில் வந்து நிற்கும். ஆப்பிள் தன் பாட்காஸ்ட் ஆப்பில் 2017-லேயே சீசன் எண் போடும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. சீசன் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனால் அது ஓய்வு. சொல்லாமல் போனால்தான் கைவிட்டதாகத் தெரியும்.

உங்கள் ஊரிலேயே கச்சிதமான ஒரு சீசன் இருக்கிறது: 1806 வேலூர்ப் புரட்சி. சிப்பாய்களைக் கொதிக்க வைத்த புதிய தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி உத்தரவுகள் ஒரு எபிசோடு. கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் குடும்பம் ஒன்று. ஜூலை 10 விடிவதற்கு முன் நடந்தது ஒன்று. புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி ஒன்று. தண்டனைகள் ஒன்று. 1807-ல் சென்னை கவர்னர் பென்டிங்க் திருப்பி அழைக்கப்பட்டது ஒன்று. ஆறோடு முடித்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயத்துக்கான புத்தகங்களை ஒரே மூச்சில் படித்துவிடலாம் என்பதால் தயாரிப்பு வேலையும் பாதியாகிவிடும்.

இனி எடிட்டிங். பலர் பாட்காஸ்ட்டை விடுவது இங்கேதான். இருபது நிமிடப் பேச்சைச் சீர்செய்ய ஒரு ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருந்தால் கைக்குழந்தைக்காரியால் முடியாது. அதனால் எடிட்டிங்கைப் பதிவு செய்யும்போதே குறையுங்கள். பேச்சு தடுக்கினால் ரெக்கார்டிங்கை நிறுத்தாதீர்கள். மைக் அருகே ஒரு தடவை கைதட்டி, இரண்டு நொடி விட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச எடிட்டிங் மென்பொருளில் திறந்தால், திரையில் தெரியும் ஒலி அலையில் கைதட்டிய இடமெல்லாம் ஈட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும். அங்கே மட்டும் போய் வெட்டினால் போதும், முழுசையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ‘ம்’, ‘வந்து’ எல்லாம் அப்படியே இருக்கட்டும், பேச்சென்றால் அதுவும் சேர்ந்ததுதான்.

வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசுவது கொடுமை என்று தெரியும். ஆனாலும் ஃபேன் சத்தத்தைப் பிறகு நீக்கினால் குரலும் சேர்ந்து தேயும். விடிகாலையில், பீரோவைத் திறந்து வைத்து, தொங்கும் புடவைகளைப் பார்த்து உட்கார்ந்து, மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசுங்கள், எதிரொலி அடங்கிவிடும். தொடங்கும் முன் பத்து நொடி பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் பதிந்து வையுங்கள். மிச்ச இரைச்சலைக் குறைக்க ஆடாசிட்டி அதைத்தான் மாதிரியாக எடுத்துக்கொள்ளும்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் ஒரு ஞாயிறு கிடைத்தால் இரண்டு எபிசோடுகளைச் சேர்த்துப் பதிந்துவிடுங்கள். பஸ் நேரத்தில் குறிப்பு எடுக்கலாம், கதையை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். சேமிக்கும்போது மோனோ (ஒற்றை ஒலித்தடம்) எம்பி3, 64 கேபிபிஎஸ் (ஒலியின் தரத்தையும் ஃபைல் அளவையும் தீர்மானிக்கும் எண்) என்று தேர்ந்தெடுத்தால் இருபது நிமிடம் 10 எம்பிக்குள் அடங்கும், போனிலிருந்தே ஏற்றிவிடலாம். வெளியாகும் தேதியை முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதியும் இருக்கிறது.

‘திரும்பி வந்துவிட்டேன்’ என்று இப்போதே ஒரு டிரெய்லர் போடத் தோன்றும். ஆறில் மூன்றாவது எபிசோடு எடிட் முடிந்து கைக்கு வரும்வரை அதைப் போடாதீர்கள், யாரிடமும் தேதி சொல்லாதீர்கள்.