ஆசிட் ஜாஸ் சிடியை எந்த வரிசையில் வைப்பது?

கேள்வி: என் சிடிகளை வகைவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஜமிரோக்வாய் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவை ஆசிட் ஜாஸ் என்கிறார்கள். டிரம்ஸ் கலைஞர் இத்ரீஸ் முகம்மது 1970-71இல் பதிவுசெய்த சிடியின் அட்டையிலும் 'லெஜண்ட்ஸ் ஆஃப் ஆசிட் ஜாஸ்' என்று இருக்கிறது. இரண்டும் ஒரே வகையா? ஆசிட் என்றால் போதைப்பொருளா?

பதில்: போதைப்பொருளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை இது. லண்டனில் 1980களின் கடைசியில் ஆசிட் ஹவுஸ் என்ற எலக்ட்ரானிக் நடன இசை கிளப்புகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. சிகாகோவில் பிறந்த இசை அது. ரோலண்ட் டிபி-303 என்ற சின்ன சிந்தசைசர் பெட்டியிலிருந்து வரும் நெளிநெளியான பேஸ் சத்தம்தான் அதன் அடையாளம். அப்படி ஒரு நிகழ்ச்சியில் ஆசிட் ஹவுஸ் முடிந்ததும், அடுத்து கில்ஸ் பீட்டர்சன், கிறிஸ் பேங்ஸ் என்ற இரண்டு டி.ஜே.க்களின் முறை வந்தது. பீட்டர்சன் ஒரு பழைய ஃபங்க் ரெக்கார்டைப் போட்டு அதன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விளையாட, பேங்ஸ் மைக்கைப் பிடித்து, இதுவரை கேட்டது ஆசிட் ஹவுஸ் என்றால் இது ஆசிட் ஜாஸ் என்று அறிவித்தார். அந்தக் கணத்தில் வாயில் வந்த பெயர், அவ்வளவுதான். அதனால் இந்த இசையில் 303 சத்தத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

பெயர்தான் விளையாட்டு, அதன் பின்னால் இருந்த ரசனை அப்படியல்ல. இந்த டி.ஜே.க்கள் 1960, 70களின் ஜாஸ்-ஃபங்க், சோல் ஜாஸ் ரெக்கார்டுகளை, அதாவது ஜாஸோடு ஃபங்க், சோல் இசையைக் கலந்தவற்றை, தேடித்தேடி வாங்கியவர்கள். ஹேமண்ட் ஆர்கன், காங்கா டிரம், விடாமல் சுழலும் பேஸ் என்று எது ஆட வைக்குமோ அதைப் பொறுக்கி எடுத்தார்கள். ஜாஸ் என்றால் உட்கார்ந்து கேட்பது என்ற எண்ணத்தை அவர்கள் உடைத்ததை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

பீட்டர்சனும் எடி பில்லர் என்பவரும் சேர்ந்து 'ஆசிட் ஜாஸ்' என்ற பெயரிலேயே ரெக்கார்ட் நிறுவனம் தொடங்கினார்கள். பழைய தட்டுகளைக் கேட்டு வளர்ந்த பிரண்ட் நியூ ஹெவீஸ் போன்ற இளைஞர் குழுக்கள் அதில் புதிதாக வாசித்தன. 1992இல் ஜமிரோக்வாயின் முதல் சிங்கிளும் அங்கேதான் வந்தது. அப்புறம் அவர்கள் சோனிக்குப் போனார்கள். அதற்கு முன்பே பீட்டர்சனும் விலகி டாக்கின் லவுட் என்ற லேபிளைத் தொடங்கியிருந்தார். கலியானோ, யங் டிசைப்பிள்ஸ், இன்காக்னிட்டோ எல்லாம் அங்கே.

இனி உங்கள் இத்ரீஸ் முகம்மது சிடி. அவர் அதை வாசித்த நாளில் இந்தப் பெயரே கிடையாது. லண்டன் டி.ஜே.க்களால் பழைய ரெக்கார்டுகளுக்கு மறுபடி மவுசு வந்ததும், 1990களில் மறுவெளியீடு செய்தபோது பிரெஸ்டீஜ் என்ற ஜாஸ் ரெக்கார்ட் நிறுவனத்தின் பழைய ஆல்பங்களுக்கு இந்தத் தலைப்பை ஒட்டினார்கள். சொல்லப்போனால் அது தாத்தாவுக்குப் பேரன் பெயரை வைத்த கதை. அதைச் சோல் ஜாஸ் வரிசையில் வையுங்கள். ஜமிரோக்வாயின் ஆரம்ப ஆல்பங்கள் ஆசிட் ஜாஸ் வரிசைக்குப் போகட்டும்.

மற்ற சிடிகளுக்கும் அட்டையின் முகப்பை நம்பாதீர்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பதிவு ஆண்டைப் பாருங்கள். 1970களோ அதற்கு முன்போ என்றால் அது மூல இசை. 1987க்குப் பிறகு என்றால் அதைக் கேட்டு வளர்ந்தவர்களின் இசை. ஆப்களில் வரும் வகைப்பெயரைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அங்கே இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள்.

வித்தியாசம் காதில் ஏற வேண்டுமானால் ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 1964ஆம் ஆண்டு 'கான்டலூப் ஐலண்ட்' பாட்டைக் கேட்டுவிட்டு, 1993இல் அஸ்-த்ரீ குழுவின் ஆல்பத்தில் வந்த 'கான்டலூப்'பைப் போடுங்கள். அந்தப் பாட்டை வெளியிட்ட ப்ளூ நோட் நிறுவனத்தின் அனுமதியோடு ஹான்காக்கின் பியானோவையே சாம்பிள் செய்து, அதாவது பழைய பதிவிலிருந்து வெட்டி எடுத்து, அதன்மேல் ஹிப்ஹாப் தாளமும் ராப்பும் சேர்த்திருப்பார்கள். முன்னதை ஜாஸ் வரிசையிலும் பின்னதை ஆசிட் ஜாஸ் வரிசையிலும் தயங்காமல் வைக்கலாம்.