மார்ச்சிங் பேண்ட் இயக்குநர் ஆகணுமா? பள்ளி வேலையிலிருந்து யோசியுங்கள்

டெக்சாஸில் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கும் உங்கள் மகள், பல்கலைக்கழக மார்ச்சிங் பேண்ட் (வாசித்தபடியே அணிவகுத்து நடக்கும் இசைக்குழு) இயக்குநர் ஆகப்போகிறேன் என்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள். போடும். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் அது முழுநேர வேலை. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு நாற்காலிதான், அதில் உட்கார்ந்தவர் லேசில் எழுந்திருக்கவும் மாட்டார். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் பார்ட்னர் 1970-லிருந்து 2020 வரை இருந்தார்!

வழக்கமான பாதை இதுதான்: இசைக் கல்வியில் இளநிலைப் பட்டம், மாநில ஆசிரியர் சான்றிதழ், சில வருடம் பள்ளி பேண்ட் ஆசிரியர் வேலை, அப்புறம் கண்டக்டிங்கில், அதாவது இசைக்குழுவை வழிநடத்தும் கலையில், முதுநிலை. முதுநிலையில் உதவியாளர் இடம் கிடைத்தால் மார்ச்சிங் பேண்டை உள்ளே இருந்தே கற்கலாம். பெரிய இடங்களில் முனைவர் பட்டமும் கேட்பார்கள். பலர் பள்ளி வேலையிலேயே நின்றுவிடுகிறார்கள், டெக்சாஸில் அதற்கு நல்ல மரியாதை உண்டு. அந்த வேலை அவளுக்குப் பிடிக்குமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஏனென்றால் இயக்குநர் வாசிப்பதில்லை. ஆகஸ்ட் வெயிலில் இருநூறு, முந்நூறு பேரை நிறுத்தி, ஐந்து கெஜத்தை எட்டே ஸ்டெப்பில், அதாவது ஸ்டெப்புக்கு 22.5 அங்குலம் வீதம், வரிசை குலையாமல் நடக்கப் பழக்குவார். யார் எந்தத் தாளத்தில் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்று கணினியில் வரைவார். பஸ், சீருடை, பட்ஜெட் எல்லாம் அவர் தலையில்தான். பிள்ளைகளின் பாதுகாப்பும்கூட. 2011-ல் புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகப் பேண்டில் ராகிங்கில் ஒரு மாணவர் இறந்தார், அந்தப் பேண்ட் 2013 வரை ஆடுகளத்துக்கே வரவில்லை. இந்தப் பொறுப்பைப் பற்றி அவளிடம் இப்போதே பேசுங்கள்.

அணிவகுப்பு மட்டும்தான் ஆசை என்றால் இசைப் பட்டமே வேண்டாம். பேண்டுகளில் பெரும்பாலோர் வேறு துறை மாணவர்கள். பொறியியல் படித்துக்கொண்டே நான்கு வருடமும் வாசிக்கலாம். விண்ணப்பிக்கும் முன் அந்தந்தப் பேண்டைப் பற்றி விசாரியுங்கள். ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பித்தளைக் கருவிகளும் தாள வாத்தியங்களும் மட்டும்தான், கிளாரினெட்டுக்கு இடமில்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பேண்டில் வாசிக்க ராணுவப் பாணியில் நடக்கும் மாணவர் படையான கேடட் படையில் சேர்ந்தே ஆக வேண்டும்.

இந்த வருடம் டிரம் மேஜர் (பேண்டை முன்னால் நின்று நடத்தும் மாணவர்) தேர்வுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வாய்ப்புக் கிடைக்குமா என்று பேண்ட் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். அதில் அவளுக்கு உற்சாகம் இருந்தால், உடனே தனி ஆசிரியரிடம் கிளாரினெட் ஆரம்பித்துவிடுங்கள். இசைப் பட்டப்படிப்புக்கு ஆடிஷன் உண்டு, அதில் தனியாக நின்று வாசிக்க வேண்டும், பள்ளி பேண்ட் அனுபவம் மட்டும் போதாது.