கிறிஸ்தவ ஆலயக் கூரை ஒழுகுகிறது, சபை மேலிடத்தில் பதில் இல்லை: என்ன செய்யலாம்?

உடைந்த ஓடுகளை, சேகர குருவிடம் (அக்கம்பக்கச் சபைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் குரு) சொல்லிவிட்டு, இப்போதே மாற்றலாம். ஓடுகளைப் பிரித்து கான்கிரீட் போடுவதென்றால், எழுத்தில் அனுமதி வராமல் இறங்காதீர்கள்.

மன்னார்குடி பக்கம், முப்பது குடும்பம், அறுப்பின் பண்டிகையில் (அறுவடை நன்றித் திருவிழா) காணிக்கையை ஏலம் விட்ட பணம் கையில், கடிதம் போட்டு ஆறு மாதம் என்கிறீர்கள். கடிதம் சேகரத்தைத் தாண்டி நேரே மேலே போயிருக்கலாம். சேகரக் கமிட்டியின் மினிட் புத்தகத்தைப் பாருங்கள். அதில் தீர்மானம் இல்லையென்றால், பெரும்பாலும் அங்கேதான் சிக்கல். தீர்மானம் போட்டு, கொத்தனாரின் மதிப்பீடு, போட்டோ, கையிருப்புக் கணக்கு சேர்த்து, குருவின் கையெழுத்தோடு நேரில் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். காணிக்கை நெல்லை ஏலம் விட்டுச் சேர்த்த காசு. அந்தக் கணக்கே உங்களுக்காகப் பேசும்.

எந்தச் சபை என்று நீங்கள் எழுதவில்லை. தென்னிந்தியத் திருச்சபை என்றால் சொத்து பொதுவாக அதன் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். அதனால்தான் கான்கிரீட்டுக்கு அனுமதி கேட்கச் சொல்கிறேன்.

அப்புறம், பணம் தருவதாக நீங்கள் சொல்லும் சிங்கப்பூர் உறவினர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவரா? அப்படியென்றால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். ஆலயக் கணக்கில் வாங்காதீர்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஓட்டு வேலையை முடித்துவிடுங்கள்.