மறைத்துச் செய்த உதவியை எழுதலாமா?

அன்புள்ள ஐயா,

என்னுடன் பள்ளியில் படித்த நண்பர் ஒருவர் சென்ற மாதம் காலமானார். வகுப்பில் முதல் மாணவர். ஆசிரியர்கள், மாணவர்கள் எல்லோருக்கும் பிரியமானவர். கணக்குத் தேர்வன்று என்னிடம் காம்பஸ் இல்லாததைக் கவனித்துத் தன்னுடையதை என் மேசையில் வைத்துவிட்டு, மைப்புட்டி மூடியை வைத்து வட்டம் போட்டவர். பல ஆண்டுகள் கழித்து எனக்கு வேலை போனபோது என் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவரும் அவரே. யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் பேசியபோதுதான் இன்னும் பலருக்கு அவர் இப்படிச் செய்திருப்பது தெரிந்தது. நினைவு மலருக்குக் கட்டுரை கேட்கிறார்கள். அவர் மறைத்ததை நான் எழுதலாமா? எழுத உட்கார்ந்தாலும் 'நல்லவர், பண்பாளர்' என்பதற்கு மேல் வரவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இழப்பில் நானும் பங்குகொள்கிறேன். இளமையிலிருந்து உடன் வந்த ஒருவரை இழப்பதன் வலியை உங்கள் கடிதம் உணர்த்துகிறது.

எழுதலாம் என்பதே என் எண்ணம். வெளியே சொல்ல வேண்டாம் என்று உங்கள் நண்பர் கேட்டது, பெற்றுக்கொண்ட நீங்கள் நாலு பேர் நடுவே கூச்சப்பட நேரக் கூடாது என்பதற்காகவே இருக்கும். உங்களைக் காப்பதற்காகக் கேட்ட வாக்குறுதி என்பதால், உங்கள் பங்கைப் பொறுத்தவரை அதை விலக்கிக்கொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு. மகளுக்கும் அதில் பங்கிருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆனால் துக்க வீட்டில் மனம் உடைந்து மற்றவர்கள் சொன்னதை அவர்கள் பெயரோடு அச்சில் ஏற்ற வேண்டாம். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு.

எப்படி எழுதுவது என்ற கேள்விக்குப் புறநானூற்றின் 235ஆம் பாட்டைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலை, அதாவது இறந்தவரை நினைத்து வருந்திப் பாடும் பாட்டு, அது. அதில் அவனை 'வள்ளல்' என்று அவர் ஓரிடத்திலும் அழைப்பதில்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாட உடன் இருந்து மகிழ்ந்து உண்பான் என்று அவன் செய்தவற்றையே ஒவ்வொன்றாக அடுக்குகிறார். நரந்தம் என்னும் நறுமணப் பொருள் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்ற வரியில், தன் தலை எப்படி நாறியது என்பதைச் சொல்ல அவர் தயங்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கையின் அன்பு நமக்குத் தெரிந்திருக்காது. அதியமான் மார்பைத் துளைத்த வேல், பாணர்களின் உண்கலத்தையும் இரப்போர் கைகளையும் துளைத்துச் சென்று புலவர் நாவில் வீழ்ந்தது என்று அவர் பாடுவதைப் படிக்கும்போது, துக்க வீட்டில் நீங்கள் கண்டவர்களையே நினைத்துக்கொண்டேன். ஆகவே வேலை போன நாட்களையும், கட்டணம் கட்ட வேண்டிய தேதி நெருங்கியபோது வீட்டில் நிலவிய கலக்கத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அதைவிட முக்கியமானது அந்தக் கணக்குத் தேர்வு. கடிதத்தில் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். கட்டுரையில் அதற்கு ஒரு முழுப் பக்கம் வேண்டும். மூடியை வைத்துப் போட்ட வட்டத்துக்கு மையப்புள்ளி தானாகக் கிடைக்காது. அது இல்லாமல் ஆரமோ தொடுகோடோ சரியாக வரைவது கடினம். முதல் மாணவராக இருந்தவர் அதைத் தெரிந்தேதான் காம்பஸை உங்களிடம் கொடுத்திருக்கிறார். மதிப்பெண் குறைந்ததா, ஆசிரியர் என்ன கேட்டார், அவர் என்ன பதில் சொன்னார், பிறகு நீங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டீர்களா என்று நினைவில் உள்ளதையெல்லாம் எழுதுங்கள். மனைவியும் பிள்ளைகளும் அறிந்தது வளர்ந்து ஆளான மனிதரை. அரைக்கால் சட்டை போட்ட அந்தப் பையனை அறிந்தவர்கள் உடன் படித்த உங்களைப் போன்ற சிலர் மட்டுமே. நீங்கள் சொல்லாவிட்டால் அவருடைய பிள்ளைகளுக்கு அவன் தெரியாமலே போய்விடுவான்.

மொழி சிறப்பாக அமைய வேண்டுமே என்று காத்திருக்க வேண்டாம். எழுதியதை மலருக்கு அனுப்பும் முன் அவர் மனைவியிடம் படிக்கக் கொடுங்கள். ஏதேனும் ஒரு வரி வேண்டாம் என்று அவர் சொன்னால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்.