மன்னிப்பு கிடைத்துவிட்டது, பத்துப் பவுன் எங்கே?

கேள்வி: மதுரை ஞானஒளிவுபுரத்தில் இருக்கிறேன். கணவர் இல்லை. தையல் வேலை செய்து மகளைப் படிக்க வைக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் என் அண்ணன் தொழிலில் நெருக்கடி என்று வந்து நின்றார். மகளுக்காகச் சேர்த்த பத்துப் பவுன் நகையைக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் மீட்டுத் தருவதாகச் சொல்லி அடகு வைத்தவர், வட்டிகூடக் கட்டவில்லை. நகை ஏலத்தில் போய்விட்டது. போன வருடம் அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்து எழுந்தவர் ஆளே மாறிவிட்டார். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்தார், ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறார், ஆலயத்துக்கு மைக் செட் உபயம் செய்திருக்கிறார். நகையைக் கேட்டால், "ஆண்டவரே என்னை மன்னிச்சிட்டாரு, நீ என்ன இன்னும் கணக்குப் பார்க்கிற?" என்கிறார். தன் கடன் தள்ளுபடியானவன் அடுத்தவன் கடனை மன்னிக்காத பதினாயிரம் தாலந்து உவமையைச் சொல்லி என்னையே குற்றவாளி ஆக்குகிறார். அம்மாவும் விட்டுக்கொடு என்கிறார். தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைகளைத் தாண்டும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கண்ணகி நீதி கேட்ட ஊரில் நான் கேட்டால் மட்டும் தப்பா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடவுள் கூலி கொடுத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். பிழைத்ததும் ஏமாற்றமாக இருந்தது. கடவுள் நீதியுள்ளவரா, இரக்கமுள்ளவரா? ஈஸ்டர் முடிந்து அண்ணன் மகளுக்குக் கல்யாணம். போகலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை. முதலில் அதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணனுக்கு மன்னிப்பு கிடைத்திருக்கலாம். மனம் வருந்தி அறிக்கையிட்டவரின் பாவத்தைக் கடவுள் மன்னிக்கிறார் என்பதுதான் நம் விசுவாசம். அதில் கைவைக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் அதை வாங்கிக்கொண்டு பாதி வழியில் நின்றுவிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 1459-ஐ அவர் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது. பாவத்தால் விளைந்த கேடுகளையெல்லாம் அது சரிசெய்துவிடுவதில்லை என்று அங்கே இருக்கிறது. எடுத்துக்காட்டாக அது முதலில் சொல்வதே திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதைத்தான். அண்ணன் திருடவில்லையே என்று அம்மா சொல்லக்கூடும். கேட்டு வாங்கிப் போய்த் திருப்பித் தராததற்கும் அதே கணக்குதான்.

நீதியா, இரக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். புனித தாமஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் இதே கேள்வியை எடுத்துப் பேசியிருக்கிறார். கடவுள் இரக்கம் காட்டும்போது நீதிக்கு விரோதமாக எதுவும் செய்வதில்லை, நீதிக்கு மேலே போகிறார் என்பது அவர் பதில். நூறு காசு கடன்பட்ட ஒருவர், தன் பணத்திலிருந்து இருநூறு கொடுத்தால் அதை அநியாயம் என்போமா? தாராளம் என்போம். இதில் 'தன் பணத்திலிருந்து' என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுப்பவரைத் தாராள மனசுக்காரர் என்று யாரும் சொல்லமாட்டோம். கடவுளும் அப்படிச் செய்வதில்லை. சிலுவையைப் பற்றி நாம் சொல்வதும் இதைத்தானே? பாவத்தைப் பார்த்து 'பரவாயில்லை, போகட்டும்' என்று அவர் சொல்லிவிடவில்லை. அதன் பாரத்தைத் தன்மேலேயே ஏற்றுக்கொண்டார். கோபக்காரத் தந்தையை மகன் போய்ச் சமாதானப்படுத்தினார் என்று சில பிரசங்கங்களில் கேட்கிறோமே, எனக்கு அது ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. மன்னிக்கிறவரே நஷ்டத்தையும் ஏற்றார். அப்படிப்பட்டவர், உங்கள் அண்ணனை உங்கள் மகளின் நகையைச் செலவழித்தா மன்னிப்பார்?

சக்கேயுவை எடுத்துக்கொள்வோம். எரிகோவில் வரி வசூலித்தவர்களுக்குத் தலைவர், ஊரே வெறுத்த ஆள். "முதலில் பணத்தைத் திருப்பிக் கொடு, அப்புறம் உன் வீட்டுக்கு வருகிறேன்" என்று இயேசு சொல்லவில்லை. மரத்தில் இருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். ஊர் முணுமுணுத்தது. அன்று அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் நீங்களும் நானும்கூட முணுமுணுத்திருப்போம். ஆனால் அந்த இரக்கம் என்ன செய்தது பாருங்கள். யாரும் கேட்காமலேயே சக்கேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, யாரையாவது ஏய்த்து வாங்கியிருந்தால் நாலு மடங்கு என்றார். மோசே சட்டத்தின்படி, தானாக ஒப்புக்கொள்பவர் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும். நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி விற்றவனுக்கான தண்டனைக் கணக்கு. சலுகை விலை இருந்தும் அவர் அதைக் கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்று இயேசு அதற்குப் பிறகுதான் சொல்கிறார்.

ஊர் ஆசைப்பட்டபடி வானத்திலிருந்து நெருப்பு விழுந்து சக்கேயு செத்திருந்தால், ஏமாந்தவர்கள் கைக்கு ஒரு காசு வந்திருக்காது. கண்ணகியைச் சொன்னீர்கள். பாண்டியன் தன் தவற்றுக்கு உயிரையே விட்டான், பெரிய விஷயம்தான். அதனால் அவளுடைய குடும்ப வாழ்க்கை திரும்பிவிடவில்லையே. கெட்டவன் அடிபடுவதோடு பைபிளின் நீதி முடிந்துவிடாது, பறிபோனது உரியவரிடம் வந்து சேரவேண்டும். அதைக் கொண்டுவந்து சேர்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை எழுப்பி நிறுத்துவது இரக்கத்தின் வேலை. உங்கள் அண்ணனும் அதற்காகவே பிழைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

மைக் செட் விஷயத்துக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. பைபிளின் லேவியர் நூலில் குற்றப்பரிகாரப் பலிக்கு வருகிறவர், உரியவருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டுக்கடாவைக் கொண்டுவரவேண்டும். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசுவும் சொன்னார். சகோதரிக்கும் அது பொருந்தும்.

இனி அந்தத் தாலந்து உவமை. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. எஜமானிடம் அவ்வளவையும் தள்ளுபடி பெற்றவன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். கதை அவனைத்தான் கண்டிக்கிறது, சரி. ஆனால் அந்தச் சின்னக் கடன்காரன் என்ன சொன்னான் என்று உங்கள் அண்ணனைக் கேளுங்கள். காலில் விழுந்து, "பொறுத்துக்கொள், கொடுத்துவிடுகிறேன்" என்றான். "எஜமான் எல்லாரையும் மன்னிக்கிறார், நீ யார் கேட்க?" என்று சொல்லவில்லை. உவமையில் தனக்கு எந்தப் பாத்திரம் என்று பார்க்காமலேயே அண்ணன் வசனம் பேசுகிறார்.

சரி, இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். இது கொஞ்சம் கசக்கும்.

அண்ணன் பிழைத்தது ஏமாற்றமாக இருந்தது என்று மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். யோனா இறைவாக்கினருக்கும் இதே ஏமாற்றம். நினிவே அழியும் என்று அறிவித்தார், அது மனம் திரும்பித் தப்பித்துக்கொண்டது. நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்கு அப்போதே தெரியும் என்று கடவுளோடு சண்டை போட்டுவிட்டு, நகருக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்தார். கடவுள் அவரைத் திட்டவில்லை. நிழலுக்கு ஓர் ஆமணக்குச் செடியை முளைக்க வைத்தார், மறுநாள் அதைப் பட்டுப்போக வைத்தார். செடிக்காக இவ்வளவு வருந்துகிறாயே, வலக்கை இடக்கை தெரியாத இலட்சத்து இருபதாயிரம் பேர் இருக்கும் ஊருக்காக நான் வருந்தக்கூடாதா என்றார். யோனா என்ன பதில் சொன்னார் என்று நூலில் இல்லை. இன்னொன்றும் அதே நூலில் உண்டு. நினிவே மக்கள் சாக்கு உடுத்தினார்கள், உபவாசம் இருந்தார்கள்; ஆனால் தீய வழியை விட்டுத் திரும்பிய செயலைக் கடவுள் பார்த்தார் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆக, அண்ணன் சாகவேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நகையை விடவேண்டியதில்லை.

மன்னிப்பும் நீதியும் ஒன்றாக நடக்கும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 மே 13 அன்று தன்னைச் சுட்டவரை மன்னித்தார்; 1983 டிசம்பரில் ரோம் சிறைக்கே போய் அவரோடு உட்கார்ந்து பேசினார். சுட்டவர் 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார்.

குடும்பத்துக்குள் வழக்கா என்று, விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதைக் கண்டிக்கும் பவுலின் கடிதத்தை யாராவது நீட்டினால், அடுத்த வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். சகோதரர்களையே வஞ்சிக்கிறீர்களே என்று அவர் திட்டுவது ஏமாற்றியவர்களை. நீதிபதியிடம் விடாமல் போய் நியாயம் கேட்ட கைம்பெண்ணை இயேசு எடுத்துக்காட்டாகவே சொன்னார் என்பதும் நினைவிருக்கட்டும்.

செய்யவேண்டியது இது. பங்குத் தந்தையை நடுவில் வைத்துப் பேசுங்கள். அண்ணன் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை அந்தத் தந்தையிடம் கேட்காதீர்கள், அவரால் சொல்லவும் முடியாது. மொத்தமாக முடியாவிட்டால் மாதத் தவணை பேசுங்கள். எது பேசினாலும் அண்ணன் கைப்பட எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். இத்தகைய வழக்குகளுக்குப் பொதுவாக 3 வருடக் காலவரம்பு உண்டு, உங்களுக்கு இரண்டு வருடம் ஓடிவிட்டது. மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் வைத்துச் சமரசமாகவே முடிக்கலாம். அங்கே ஆகும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

கல்யாணத்துக்குப் போங்கள். அந்தப் பெண் உங்களுக்கு எதுவும் பாக்கி வைக்கவில்லை. மொய் எவ்வளவு எழுதுவது என்பது உங்கள் இஷ்டம்.