டோக்கியோ இசகாயாவில் மது வேண்டாதவர் கவனிக்க வேண்டியவை

கேள்வி: அலுவலகப் பணியாக டோக்கியோ செல்கிறேன். காக்டெயில்களுக்கும் பெயர் பெற்ற ஒரு புதுப்பாணி இசகாயாவுக்கு, அதாவது மதுவுடன் உணவும் பரிமாறும் ஜப்பானிய உணவகத்துக்கு, சக ஊழியர்கள் இரவு உணவுக்கு அழைத்துள்ளனர். நான் மது அருந்துவதில்லை; கோழியும் மீனும் உண்பேன், மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் உண்பதில்லை. கேட்காத உணவுக்கும் பணம் வாங்குவார்கள் என்பது உண்மையா?

பதில்: தயங்காமல் செல்லுங்கள். சிறு தட்டுகளை மேசை நடுவில் வைத்துப் பலரும் பகிர்ந்து உண்பதே இசகாயாவின் வழக்கம். எல்லோரும் 'கன்பாய்' என்று குவளையை உயர்த்தும்போது உங்கள் கையிலும் ஏதேனும் ஒரு பானம் இருந்தால் போதும்.

அது என்ன பானம் என்பதில்தான் கவனம் வேண்டும். ஊலோங் தேநீர் வேண்டுமானால் 'ஊரோன்-சா' என்று கேளுங்கள். 'ஊரோன்-ஹை' என்றால் அதே தேநீரில் ஷோச்சூ என்னும் வடிமதுவைக் கலந்து தருவார்கள். இரண்டும் ஒரே பழுப்பு நிறத்தில், பனிக்கட்டி நிறைந்த ஒரே வகைக் குவளையில் வருவதால், பணியாளர் மேசையில் வைக்கும்போதே உங்களுடையது எது என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. புதுப்பாணிக் கடைகளில் யூசு எலுமிச்சை, ஷிசோ இலை ஆகியவற்றைக் கொண்டு செய்யும் மதுவில்லாக் காக்டெயில்களும் கிடைக்கக்கூடும். என் கணிப்பில், தேநீரைவிட அவையே சுவையான தேர்வு. குறிப்பிட்ட நேரத்துக்குள் அளவின்றிக் குடிக்கும் 'நோமிஹோதாய்' திட்டத்தை மேசையில் உள்ள அனைவரும் எடுக்க வேண்டும் என்று பல கடைகள் நிபந்தனை விதிப்பதால், மது அருந்தாதவருக்குக் குறைந்த கட்டணம் உண்டா என்பதை முன்பதிவின்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அமர்ந்தவுடன் கேட்காமலே வரும் சிறு கிண்ண உணவுக்கு 'ஓதோஷி' என்று பெயர். ஆளுக்குப் பெரும்பாலும் 300 முதல் 500 யென் வரை பில்லில் சேரும் இதை இருக்கைக் கட்டணமாகவே கருதலாம். இதை ஏமாற்று வேலை என்று வெளிநாட்டவர் சிலர் கோபப்படுவது தேவையற்றது. அங்கே டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லையே!

உணவில் உங்களுக்கு ஏற்றது யாகிதோரி, அதாவது குச்சியில் கோத்துக் கரி நெருப்பில் வாட்டிய கோழித் துண்டுகள். தொடைக்கறியையும் தடித்த வெங்காயத்தாளையும் மாற்றி மாற்றிக் கோத்த 'நெகிமா'வில் தொடங்குங்கள். உப்பு மட்டும் தூவிய 'ஷியோ', இனிப்பும் உவர்ப்புமான சாற்றில் தோய்த்த 'தாரே' என்னும் இரண்டில், தாரேயில் சாகே என்னும் அரிசி மதுவும், மிரின் என்னும் இனிப்பான சமையல் மதுவும் சேர்வது வழக்கம் என்பதால், சமையலிலும் மது கூடாது என்றால் ஷியோவையே கேளுங்கள். 'சுகுனே' என்னும் கொத்துக்கறி உருண்டையில் சில கடைகள் பன்றியிறைச்சியையும் கலப்பதுண்டு. கொழுக்கட்டை போன்ற கியோசாவின் பூரணம் பெரும்பாலும் பன்றிதான். பார்த்தால் சைவம் போலிருக்கும் உருளைக்கிழங்கு சாலட்டில்கூடப் பொடியாக நறுக்கிய ஹாம் என்னும் பதப்படுத்திய பன்றியிறைச்சி கிடக்கக்கூடும். மீன் உண்பவர் என்பதால் சூரை மீன் சேர்த்த தாஷிச் சாறு உங்களுக்குத் தடையில்லை. முழுச் சைவரான ஒருவர் உடன் வந்தால், பொரித்த தோஃபுவைக்கூட அந்தச் சாற்றில்தான் மிதக்கவிடுவார்கள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.