அல்ஜீரியக் குடியேறிகளின் பிள்ளைகளைப் பற்றி ஆய்வா? ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, உங்கள் மகள் பிரான்சில் சமூகவியல் முதுகலை படித்து, அல்ஜீரியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் தங்களை யாராக நினைக்கிறார்கள் என்று ஆராயப் போகிறேன் என்கிறாள், இதற்கு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன், தலைப்பைப் பார்த்து யாரும் வேலை தரமாட்டார்கள். பிரெஞ்சில் பேட்டி எடுக்கவும், பெரிய கணக்கெடுப்புத் தரவைப் பிரித்து மேயவும் தெரிந்தால் தருவார்கள். அதனால் தலைப்புச் சண்டையை நிறுத்திவிட்டு, அவளுடைய பிரெஞ்சு எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பி2 நிலை (ஐரோப்பிய மொழி அளவுகோலில் நடுநிலைக்குச் சற்று மேல்) கூட இல்லையென்றால் பிரெஞ்சில் நடக்கும் சமூகவியல் வகுப்பில் திணறிப்போவாள்.

தலைப்பு மோசமில்லை. 1830 முதல் பிரான்சின் பிடியில் இருந்த அல்ஜீரியா, கிட்டத்தட்ட எட்டு ஆண்டுப் போருக்குப் பிறகு 1962 ஜூலையில் விடுதலை பெற்றது. ஆனாலும் தங்களை ஆண்ட நாட்டுக்கே கூலி வேலைக்குப் போவது நிற்கவில்லை. விடுதலைக்கு முன் அல்ஜீரியாவில் பிறந்தவர்களுக்கு 1963 முதல் பிரான்சில் பிறந்த பிள்ளைகள், பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடிமக்கள். பெற்றோர் பிறந்த காலத்தில் அல்ஜீரியா சட்டப்படி பிரான்சின் பகுதி, அதுதான் காரணம். அப்பா பிரான்சை எதிர்த்துப் போராடியிருப்பார், பிள்ளை கையில் யாரும் கேட்காமலே பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கும். அந்தத் தலைமுறைதான் 1983 அக்டோபரில் தெற்கே இருக்கும் மார்செய் நகரிலிருந்து சமத்துவம் கேட்டு நடந்து, டிசம்பர் 3 அன்று பாரிசை அடைந்தது. லட்சம் பேர் போல அங்கே கூடினார்கள்.

ஆனால் 'அடையாளம்' என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் எந்தப் பேராசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு மனிதரிடம் போய் வாய்விட்டுக் கேட்கக்கூடிய கேள்வி வேண்டும். 1961 அக்டோபர் 17 அன்று பாரிசில் ஊரடங்கை எதிர்த்து ஊர்வலம் போன அல்ஜீரியர்களைக் காவல்துறை கொன்றதே, அதை வீட்டில் பெற்றோர் சொன்னார்களா, இல்லை வளர்ந்தபின் வெளியே தெரிந்துகொண்டார்களா? இது கேள்வி. இதற்கு ஆளும் கிடைக்கும், பதிலும் கிடைக்கும்.

இன்னொரு சிக்கல், பிரான்சின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனமோ மதமோ கேட்பதில்லை. பெற்றோர் எங்கே பிறந்தார்கள் என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். இனெத், இன்சே என்ற இரண்டு அரசு நிறுவனங்கள் 2008-09இலும் 2019-20இலும் 'பாதைகளும் பூர்வீகமும்' என்ற பெரிய ஆய்வை, ஒவ்வொரு முறையும் 20,000க்கும் அதிகமானவர்களிடம், இப்படித்தான் நடத்தின. அந்தத் தரவைக் கையாளத் தெரிந்தவளுக்குப் பிழைப்பு உண்டு. (புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை: இங்கே பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிறந்து அங்கே போனவர், இன்சே கணக்கில் 'குடியேறி' என்ற வகையிலேயே வரமாட்டார், வெளிநாட்டவராகப் பிறந்து வந்தவரைத்தான் அது அப்படி எண்ணுகிறது. அவள் வேண்டுமானால் இதையே ஆராயலாம்.)

பணம். 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு முதுகலைக் கட்டணத்தை ஆண்டுக்கு 3,770 யூரோ ஆக்கினார்கள், பிறகு இன்னும் ஏற்றினார்கள். ஆனால் விலக்கு தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு, அவற்றைத் தேடுங்கள். இந்திய மாணவர்களுக்குப் பிரெஞ்சுத் தூதரகம் தரும் சார்பாக் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் போடலாம். முனைவர் பட்டத்துக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் கிடைத்தால் அது சம்பளமுள்ள வேலை, ஆனால் அந்த இடங்கள் குறைவு. நிரந்தரப் பேராசிரியர் பணி அதைவிட அரிது, அதை நம்பி மட்டும் அனுப்பாதீர்கள். நகராட்சிகள், அகதிகளுக்கும் குடியேறிகளுக்கும் வேலை செய்யும் அமைப்புகள், அருங்காட்சியகங்கள், கருத்துக்கணிப்பு நிறுவனங்கள், இங்கெல்லாம் ஆள் எடுக்கிறார்கள். ஊர் திரும்பிக் கல்லூரியில் கற்பிக்க நினைத்தால் நெட் போன்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வும், வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்றும் வேண்டியிருக்கும், அதை இப்போதே குறித்துக்கொள்ளட்டும்.

சரி, அடுத்து என்ன? யாரிடம், எந்த ஊரில், என்ன கேட்பாள் என்று ஒரே பக்கம் பிரெஞ்சில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் உதவ வேண்டாம். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்தப் பல்கலைக்கழகம் என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.